வைரஸ் எதிர்ப்பு மருந்தை நானோதுகளில் ஏற்றி நுரையீரலுக்கு அனுப்புவது எப்படி: ஆய்வைத் தொடங்கும் மாணவருக்கு ஒரு செய்முறைக் கையேடு

இன்ஃபுளுயன்சா, கோவிட், ஆர்.எஸ்.வி. ஆகிய நோய்களின் வைரஸ்கள் பெருகும் இடம் மூச்சுப்பாதையின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய செல்வரிசை. ஆனால் மருந்தை நாம் பெரும்பாலும் அந்த இடத்துக்கு நேராக அனுப்புவதில்லை. மாத்திரையாக விழுங்கும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்து, இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் பரவிய பிறகு அதில் ஒரு சிறு பங்குதான் நுரையீரலின் செல்லுக்குச் சேர்கிறது. கோவிட்டுக்குக் கொடுக்கப்படும் ரெம்டெசிவிர் அந்த வழியில் செல்லவே முடியாத மருந்து. வாய்வழியாகக் கொடுத்தால் கல்லீரல் முதல் சுற்றிலேயே அதைச் சிதைத்துவிடும் என்பதால், அதை நரம்பு வழியாகச் சொட்டுச்சொட்டாக ஏற்ற வேண்டியிருக்கிறது. அதனால் நோயின் தொடக்க நாட்களில், மருந்து மிக அதிகமாகப் பயன்படக்கூடிய நேரத்தில், நோயாளி மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும். இந்த மருந்தை மூச்சின் வழியாக, பாதுகாப்பான ஒரு நானோதுகளில் ஏற்றி அனுப்ப முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் நுழையும் மருந்தியல் முதுநிலை மாணவருக்காகவும், முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டில் இருப்பவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இங்கே சொல்லப்படுவது ஆய்வகத்துக்கானது மட்டுமே. ஊசிக்காகத் தயாரிக்கப்பட்ட மருந்தையோ, மாத்திரையைப் பொடித்துக் கரைத்த நீரையோ வீட்டு நெபுலைசரில் ஊற்றி யாரும் இழுக்கக் கூடாது. அதற்கான காரணம் கீழே வரும் ஓர் உண்மைச் சம்பவத்தில் தெளிவாகும்.

இரண்டு அளவுகளைப் பிரித்துப் பாருங்கள்

இந்தத் துறையில் புதிதாக வருபவர்களுக்கு நான் முதல் நாளே சொல்வது, நானோதுகளின் அளவு வேறு, நுரையீரலுக்குள் போகும் துளியின் அளவு வேறு என்பதைத்தான். காற்றோடு உள்ளே செல்லும் பொருள் எங்கே படியும் என்பதை அதன் காற்றியக்க விட்டம் தீர்மானிக்கிறது. ஐந்து மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டவை வளைவுகளில் திரும்ப முடியாமல் தொண்டையிலும் பெரிய மூச்சுக்குழல்களிலும் மோதி நின்றுவிடுகின்றன. ஒன்று முதல் ஐந்து மைக்ரோமீட்டர் வரை உள்ளவை கீழ்ப்பாதைகளையும் காற்று நுண்ணறைகளையும் அடைகின்றன. அதைவிடச் சிறியவை, குறிப்பாக 300 முதல் 500 நானோமீட்டரை ஒட்டியவை, எதிலும் மோதாமலும் விரைந்து கீழே இறங்காமலும் மிதந்துகொண்டே இருப்பதால், பெரும்பகுதி அடுத்த மூச்சில் வெளியேறிவிடுகின்றன.

ஆகவே 150 நானோமீட்டர் துகளைத் தனியாகக் காற்றில் விட்டால் அதில் பெரும்பங்கு வீணாகிவிடும். அதை ஒரு மூன்று மைக்ரோமீட்டர் நீர்த்துளிக்குள் ஏற்றி அனுப்ப வேண்டும். அல்லது மானிட்டால் போன்ற சர்க்கரைச்சாராயத்துடன் சேர்த்துத் தூவி உலர்த்தி, அதே அளவுள்ள ஒரு பொடித்துகளுக்குள் பொதிந்து அனுப்ப வேண்டும். நீர்த்துளி படிந்த இடத்தில் சளிப்படலத்தோடு கலக்கும், பொடி அங்கே கரையும், அப்போதுதான் நானோதுகள் தன் வேலையைத் தொடங்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மைக்ரோமீட்டர் துளியின் கன அளவு 150 நானோமீட்டர் துகளின் கன அளவைப் போல் 8,000 மடங்கு. உங்கள் தொங்கலில், அதாவது துகள்கள் கரையாமல் மிதக்கும் திரவத்தில், துகள்கள் ஒரு சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு துளியும் சுமார் 80 துகள்களைச் சுமந்து செல்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் துளியோ ஏறத்தாழ மூன்றைத்தான் சுமக்கும். துளியின் விட்டம் கொஞ்சம் குறைந்தாலும் போய்ச்சேரும் மருந்து எவ்வளவு குறைந்துவிடும் என்பது இதிலிருந்து புரியும்.

எந்த மருந்தை எடுப்பது

எல்லா மருந்துக்கும் நானோதுகள் தேவையில்லை. இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தேவையில்லாத மருந்தை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டுகளைச் செலவிட்ட ஆய்வேடுகளை நான் படித்திருக்கிறேன். மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, மருந்து எங்கே வேலை செய்கிறது? ஜனமிவிர் இன்ஃபுளுயன்சா வைரஸின் நியூராமினிடேஸ் நொதியைத் தடுக்கிறது. அந்த நொதி செல்லுக்கு வெளியே, செல்லின் மேற்பரப்பிலும் வைரஸின் உறையிலும் இருக்கிறது. மருந்து செல்லுக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை. வாயால் விழுங்கினால் இரண்டு சதவீதம் அளவில்தான் உறிஞ்சப்படும் என்பதால், 1999 முதலே அதை லாக்டோஸ் கலந்த உலர்பொடியாக இழுக்கக் கொடுத்துவருகிறார்கள். நீரில் நன்றாகக் கரையும் அந்த மருந்தைக் கொழுப்புத் துகளுக்குள் அடைக்கப் படாதபாடு பட்டு, பிறகு அது வெளியே வருவதற்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. ரெம்டெசிவிரின் நிலை வேறு. அது செல்லுக்குள் நுழைந்து, அங்கே மூன்று பாஸ்பேட் கொண்ட வடிவமாக மாறிய பிறகே வைரஸின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதியைத் தடுக்கிறது. நீரில் மிகக் குறைவாகவே கரைகிறது. இரத்தத்தில் அதன் அரைவாழ்வு சுமார் ஒரு மணி நேரம்தான். செல்லுக்குள் சுமந்து செல்ல ஒரு வாகனம் இங்கே உண்மையிலேயே உதவும்.

இரண்டாவது, எவ்வளவு மருந்து வேண்டும்? ஃபேவிபிராவிர் ஜப்பானில் 2014இல் இன்ஃபுளுயன்சாவுக்கு அனுமதி பெற்றபோது முதல் நாள் அளவு 1,600 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை. நேராக நுரையீரலுக்குக் கொடுப்பதால் அதில் நூறில் ஒரு பங்கு போதும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் வேளைக்கு 16 மில்லிகிராம் வேண்டும். உங்கள் பாலிமர் துகள் தன் எடையில் ஐந்து சதவீத மருந்தைச் சுமந்தால், 16 மில்லிகிராம் மருந்துக்கு 320 மில்லிகிராம் துகள். இழுத்த பொடியில் நாற்பது சதவீதம்தான் ஆழத்தில் படியும் என்றால் 800 மில்லிகிராம். ஒரு இன்ஹேலர் காப்ஸ்யூலில் சாதாரணமாக 20 முதல் 25 மில்லிகிராம் பொடி போடுவார்கள். மூச்சுத்திணறலில் இருப்பவரிடம் ஒரு வேளைக்கு முப்பதுக்கு மேற்பட்ட காப்ஸ்யூல்களை இழுக்கச் சொல்ல முடியுமா? இந்தக் கணக்கைத் தாளில் போட ஐந்து நிமிடம் போதும். மருந்தை வாங்குவதற்கு முன்னால் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, அந்த மருந்தும் அதனுடன் சேர்க்கும் பொருள்களும் மூச்சுப்பாதைக்கு ஏற்றவையா? 100 மில்லிகிராம் ரெம்டெசிவிர் பொடி உள்ள ஊசிமருந்துக் குப்பியில் அதைக் கரைய வைப்பதற்காக மூன்று கிராம் சைக்ளோடெக்ஸ்ட்ரின் வகைச் சர்க்கரை இருக்கிறது, அதாவது மருந்தைப் போல் முப்பது மடங்கு. அந்தச் சர்க்கரை நரம்புக்கென்று சேர்க்கப்பட்டது, மூச்சுக்கென்று அல்ல. துணைப்பொருளை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2009ஆம் ஆண்டு ஒரு துயரமான சான்று கிடைத்தது. ஜனமிவிரின் இழுக்கும் பொடியை நீரில் கரைத்து, செயற்கை சுவாசத்தில் இருந்த ஒரு நோயாளிக்கு நெபுலைசர் வழியாகக் கொடுத்தார்கள். பொடியில் இருந்த லாக்டோஸ் சுவாசக் கருவியை அடைத்தது. அந்த நோயாளி இறந்தார். அதன் பிறகு அந்தப் பொடியைக் கரைத்து நெபுலைசரில் கொடுக்கக் கூடாது என்று தயாரிப்பு நிறுவனமும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் எச்சரிக்கை அனுப்பின. மருந்து அதே மருந்துதான். அதைச் சுமந்த பொருளும் கொடுத்த கருவியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

எந்தத் துகளைத் தேர்ந்தெடுப்பது

நம் ஆய்வகங்களில் பழக்கத்தால் பி.எல்.ஜி.ஏ. பாலிமரைத்தான் முதலில் எடுக்கிறார்கள். நல்ல பாலிமர், உடலில் லாக்டிக் அமிலமாகவும் கிளைக்காலிக் அமிலமாகவும் உடைந்துபோகும், ஊசிமருந்துகளில் நீண்டகாலப் பயன்பாடு உண்டு. ஆனால் அது உடைய வாரக்கணக்கில் ஆகிறது. மூச்சுத்தொற்றுக்கோ ஐந்து நாள் மருந்து, அதுவும் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வேளை. முதல் நாள் போட்ட பாலிமர் கரைவதற்கு முன்னால் பத்தாவது வேளையும் வந்து மேலே படியும். ஏற்கெனவே வீங்கிச் சிவந்திருக்கும் நுரையீரலில் அப்படிக் குவிப்பதை நான் விரும்பமாட்டேன்.

கொழுப்புச் சவ்வால் ஆன நுண்குமிழியான லிப்போசோமை ஏன் முன்வைக்கிறேன் என்றால், நுரையீரலின் உட்புறத்தைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் படலத்தின் முதன்மைக் கூறே டி.பி.பி.சி. என்னும் பாஸ்போலிப்பிட்தான். அதே பொருளால் துகள் செய்தால் அதைக் கையாளும் வழி நுரையீரலுக்குத் தெரியும். இந்த வழியில் ஒரு மருந்து சந்தைக்கும் வந்துவிட்டது. மைக்கோபாக்டீரியம் ஏவியம் தொகுதிக் கிருமிகளால் வரும் நுரையீரல் நோய்க்கான, அமிக்காசின் என்னும் ஆன்டிபயாடிக்கைச் சுமக்கும் லிப்போசோம் தொங்கல் 2018 செப்டம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றது. அதுவும் டி.பி.பி.சி., கொலஸ்ட்ரால் இரண்டாலும் ஆனதே. அது வைரஸ் மருந்தல்ல, நோயும் நாள்பட்டது. இருந்தாலும் நெபுலைசரில் லிப்போசோமை எப்படி அனுப்புவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இப்போதைக்கு இல்லை.

செய்முறை: எத்தனால் உட்செலுத்தல்

பாடநூல்களில் முதலில் வருவது குளோரோஃபார்மில் கரைத்து, குடுவையின் சுவரில் மெல்லிய படலமாக உலர்த்தி, நீரூற்றிக் குலுக்கும் முறை. மூச்சுக்குப் போகும் பொருளில் குளோரோஃபார்மைத் தொடாமல் இருப்பதே நல்லது. எஞ்சும் கரைப்பான்களுக்கான சர்வதேச வழிகாட்டுதலில் அதற்கு அனுமதி 60 பி.பி.எம். மட்டுமே, எத்தனாலுக்கோ 5,000. ரெம்டெசிவிர் எத்தனாலில் கரையும் என்பதால் எத்தனால் உட்செலுத்தல் முறையே நமக்கு ஏற்றது.

தொடக்க அளவாக 40 மில்லிகிராம் டி.பி.பி.சி., 10 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், பெக் 2000 (பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலி) இணைத்த டி.எஸ்.பி.ஈ. என்னும் லிப்பிட் 12 மில்லிகிராம், ரெம்டெசிவிர் 5 மில்லிகிராம் எடுத்து, ஒரு மில்லிலிட்டர் எத்தனாலில் 55 டிகிரி செல்சியசில் முழுவதும் தெளிவாகும்வரை கரையுங்கள். மோல் கணக்கில் பாஸ்போலிப்பிட்டும் கொலஸ்ட்ராலும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று, பெக் சேர்ந்த லிப்பிட் மொத்தத்தில் சுமார் ஐந்து சதவீதம். இன்னொரு குடுவையில் ஒன்பது மில்லிலிட்டர் பாஸ்பேட் தாங்கல் உப்புக்கரைசலை அதே வெப்பநிலையில் காந்தக் கலக்கியில் சுழலவிடுங்கள். டி.பி.பி.சி. இளகும் வெப்பநிலை 41 டிகிரி. அதற்குக் கீழே லிப்பிட் விறைத்து, சவ்வு உருவாகாமல் வெள்ளைத் திப்பிகளாக விழும். ஆகவே சிரிஞ்சும் ஊசியும்கூடச் சூடாக இருக்கட்டும்.

எத்தனால் கரைசலை மெல்லிய ஊசியால், நீர்மட்டத்துக்குக் கீழே ஊசிமுனை மூழ்கியிருக்கும்படி, சீரான வேகத்தில் செலுத்துங்கள். கையால் அழுத்துவதைவிட சிரிஞ்சு பம்பு மேல். வேகம் மாறினால் அளவும் மாறும், நாளை அதே துகளை மறுபடி செய்ய முடியாது. சரியாகப் போனால் நீர் பாலாக வெளுக்காது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரங்களில் இளநீலச் சாயல் தெரியும் ஒரு மங்கலான நிறம் வரும். அந்த நீலச் சாயலைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். கருவியில் வைப்பதற்கு முன்பே இன்றைய தொகுதி தேறுமா தேறாதா என்பதை அது சொல்லிவிடும். பிறகு சூடாக இருக்கும்போதே 200 நானோமீட்டர், அடுத்து 100 நானோமீட்டர் துளையுள்ள பாலிகார்பனேட் சவ்வுகள் வழியாகப் பத்துமுறை அழுத்தி எடுத்து, டயாலிசிஸ் பையில் ஊற்றி அதே தாங்கல் கரைசலில் வைத்து எத்தனாலை நீக்குங்கள். ரெம்டெசிவிரில் நீரால் உடையக்கூடிய பிணைப்புகள் இருப்பதால் சூட்டில் இருக்கும் நேரத்தைக் குறைத்து, முடிந்ததும், கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் சிதைவுப் பொருள்களின் முகடுகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

மருந்தே சேர்க்காத வெற்று லிப்போசோமையும் அதே நாளில் அதே முறையில் செய்து வையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு சோதனையிலும் அது கேட்கப்படும்.

அளக்கும்போது ஏமாறும் இடங்கள்

துகள் அளவையும் சீர்மையையும் ஒளிச்சிதறல் கருவியில் பார்ப்பது எளிது. துகள்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் பரவல் எண் 0.2க்குக் கீழே இருந்தால் தொடர்ந்து செல்லலாம். துகளின் மேற்பரப்பு மின்னூட்டத்தைக் காட்டும் ஸீட்டா மின்னழுத்தத்தை உப்புக்கரைசலில் அளக்காதீர்கள், உப்பு மின்னூட்டத்தை மறைத்துவிடும். 10 மில்லிமோலார் தாங்கல் கரைசலில் நீர்த்து அளந்து, எதில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

உள்ளடங்கிய மருந்தின் சதவீதத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். வழக்கமான முறை மையவிலக்கியில் சுற்றி, மேலே நிற்கும் நீரில் உள்ள மருந்தை அளந்து, மீதி எல்லாம் துகளுக்குள் இருக்கிறது என்று கழித்துச் சொல்வது. நீரில் கரையாத மருந்துக்கு இது செல்லாது. துகளுக்குள் போகாத ரெம்டெசிவிர் நீரில் கரைந்து நிற்காமல் படிகமாகி அடியில் விழும், துகள்களோடு சேர்ந்து உட்காரும், நீங்கள் 98 சதவீதம் உள்ளடங்கியது என்று மகிழ்ச்சியோடு எழுதுவீர்கள். என் முதல் தொகுதிகளில் இப்படித்தான் எழுதினேன். ஒருநாள் ஒரு சொட்டை முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில் வைத்தபோது ஊசி ஊசியாகப் படிகங்கள் மின்னியதைப் பார்த்து, இரண்டு மாதக் குறிப்பேட்டை மூடிவைத்தேன். ஆகவே முதலில் குறைந்த வேகத்தில் சுற்றிப் படிகங்களை இறக்குங்கள், மேலே உள்ள லிப்போசோம் தொங்கலை, அளவின்படி பிரிக்கும் செஃபடெக்ஸ் ஜி-50 பத்தி வழியாக விட்டுப் பிரித்தெடுங்கள், அந்தப் பகுதியை மெத்தனாலில் உடைத்து உள்ளே இருந்த மருந்தை நேராக அளங்கள். கழித்துப் பெறும் எண்ணை நம்ப வேண்டாம்.

மருந்து வெளியேறும் வேகத்தை டயாலிசிஸ் பையில் பார்க்கும்போதும் இதே கவனம் தேவை. பையின் சவ்வே மருந்தைத் தாமதப்படுத்தும். கரைத்த நிலையில் உள்ள தனி மருந்தை இன்னொரு பையில் வைத்து ஒப்பிடாவிட்டால், பை செய்யும் தாமதத்தை உங்கள் துகளின் சாதனையாக எழுதிவிடுவீர்கள். வெளித்திரவத்தில் மருந்து தாராளமாகக் கரையும்படி சைக்ளோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பதும் அவசியம்.

நெபுலைசருக்குப் பின் அளங்கள்

இந்தக் கட்டுரை முழுவதிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். குடுவையில் இருக்கும் லிப்போசோம் நோயாளிக்குப் போவதில்லை. நெபுலைசரின் வாயிலிருந்து வெளிவருவதுதான் போகிறது. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

காற்றழுத்த நெபுலைசரில் அழுத்தக் காற்று திரவத்தைக் கிழித்துத் துளியாக்குகிறது. அப்படி உருவாகும் துளிகளில் மிகப் பெரும்பகுதி உள்ளே உள்ள தடுப்பில் மோதித் திரும்பக் கிண்ணத்தில் விழுந்து, மறுபடி கிழிபடுகிறது. ஒரு லிப்போசோம் வெளியேறும் முன் பலமுறை இந்தக் கிழிப்பைத் தாங்க வேண்டும். அதோடு நீர் ஆவியாகிக்கொண்டே போவதால் கிண்ணத்தில் மிஞ்சுவது கெட்டிப்படுகிறது. மீயொலி நெபுலைசர் திரவத்தைச் சூடாக்குகிறது. தொங்கல்களையும் அது சரியாகத் தூவுவதில்லை. அதிரும் வலை நெபுலைசரில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ள ஒரு தகடு அதிர்ந்து, திரவத்தை ஒரே தடவையில் துளியாகத் தள்ளுகிறது. மேலே சொன்ன அமிக்காசின் மருந்துக்கு இந்த வகைக் கருவி ஒன்றை மட்டுமே அனுமதித்திருக்கிறார்கள். மருந்தும் கருவியும் சேர்ந்ததே ஒரு தயாரிப்பு. அதன் துளியின் எடைநடு விட்டம் சுமார் 4.7 மைக்ரோமீட்டர். அந்தக் கருவியிலும்கூட, தூவும்போது ஒரு பகுதி அமிக்காசின் லிப்போசோமிலிருந்து வெளியேறிவிடுகிறது என்று மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. உங்கள் துகளிலும் கொஞ்சம் கசியும். எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

சோதனைக்குப் பெரிய செலவு வேண்டாம். மூன்று மில்லிலிட்டர் தொங்கலை வலை நெபுலைசரில் ஊற்றி, வாய்முனையைப் பனிக்கட்டியில் பதித்த ஒரு நீண்ட கண்ணாடிச் சோதனைக்குழாய்க்குள் விட்டு, வெளிவரும் புகை குளிர்ந்து சுவரில் வடிவதைச் சேகரியுங்கள். அந்தத் திரவத்தில் துகள் அளவு, பரவல் எண், உள்ளடங்கிய மருந்து மூன்றையும் மறுபடி அளந்து, தூவுவதற்கு முன் இருந்த எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கிண்ணத்தில் மிஞ்சியதையும், வலையைக் கழுவிய நீரையும், குழாயில் சேர்ந்ததையும் தனித்தனியே அளந்து கூட்டினால் நீங்கள் ஊற்றிய மருந்து கிட்டத்தட்ட முழுவதும் கணக்கில் வர வேண்டும். வராவிட்டால் அது எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் வலையில். வலையை நுண்ணோக்கியில் பார்த்தால் துளைகளின் விளிம்பில் லிப்பிட் படிந்து வெண்மையாக இருப்பது தெரியும். அந்த நிலையில் துளி சிறுத்து, ஒரு வேளை மருந்தைத் தூவி முடிக்க ஆகும் நேரமும் கூடிக்கொண்டே போகும். கசிவு அதிகமானால் கொலஸ்ட்ராலை உயர்த்திப் பாருங்கள், வலை அடைபட்டால் லிப்பிட்டின் செறிவைக் குறையுங்கள்.

துளிகள் எந்த அளவில் பிரிகின்றன என்பதை நெக்ஸ்ட் ஜெனரேஷன் இம்பாக்டரில் பார்க்க வேண்டும். ஏழு படிகள் கொண்ட அந்தக் கருவியில் காற்றை நிமிடத்துக்கு 15 லிட்டர் வேகத்தில் இழுத்து, ஒவ்வொரு படியிலும் விழுந்த மருந்தைக் கழுவி அளக்கிறோம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கருவி அறை வெப்பத்தில் இருந்தால் அதன் உலோகச் சுவர் துளிகளை உலர்த்திவிடும், துளி சிறுத்து, உண்மையைவிட ஆழமாகப் போவதுபோல் காட்டும். ஆகவே கருவியை ஒன்றரை மணி நேரமாவது ஐந்து டிகிரியில் குளிரவைத்து உடனே பயன்படுத்த வேண்டும். கருவி வேறு ஊரில் இருந்தால் தொங்கலை எடுத்துக்கொண்டு போய்ச் செய்யுங்கள். ஆனால் பயணத்தின்போது குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டி குப்பியைத் தொட்டு உறையவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உறைந்து உருகிய லிப்போசோம் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும்.

வெளியேறும் புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்.எஸ்.வி. தொற்றுக்காக 1985 முதல் பயன்படும் ரைபாவிரின் காற்றுத்தூவல், கருவுக்குக் கேடு செய்யக்கூடியது என்பதால், அருகில் நிற்கும் கருவுற்ற செவிலியரின் பாதுகாப்பு எப்போதும் பெரிய கவலையாக இருந்துவருகிறது. உங்கள் சோதனைகளையும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டிக்குள், வெளிவாயில் வடிகட்டி பொருத்திச் செய்யுங்கள். நாளை நோயாளிக்குப் போகும் வடிவிலும் மூச்சு வெளிவரும் பக்கத்தில் வடிகட்டி இருக்க வேண்டும் என்பதை இப்போதே திட்டத்தில் எழுதிவையுங்கள்.

சளியும் விழுங்கணுக்களும்

துளி படிந்ததும் துகள் சந்திக்கும் முதல் தடை சளி. மேல்பாதைகளில் குற்றிழைகள் சளிப்படலத்தை ஓயாமல் மேலே தள்ளுகின்றன. அதில் ஒட்டிக்கொண்ட துகள் தொண்டைக்கு வந்து விழுங்கப்படும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்குழு 2007இல் காட்டியது என்னவென்றால், குறைந்த மூலக்கூறு எடையுள்ள பெக் சங்கிலியை அடர்த்தியாகப் பூசினால் சில நூறு நானோமீட்டர் அளவுள்ள துகள்கூட மனிதச் சளியில் ஒட்டாமல் ஊடுருவிச் செல்லும் என்பதுதான். செய்முறையில் பெக் 2000 சேர்த்ததற்கு இதுவே காரணம். நேர்மின்னூட்டம் கொண்ட லிப்பிட்களைச் சேர்க்கும் ஆசை வரலாம், செல்லில் நன்றாக நுழைகின்றன என்ற கட்டுரைகள் நிறைய உண்டு. ஆனால் அவை சளியின் எதிர்மின் சங்கிலிகளில் சிக்கிக்கொள்கின்றன, நுரையீரலில் அழற்சியையும் தூண்டுகின்றன. வைரஸ் ஏற்கெனவே அழற்சியை ஏற்படுத்தியிருக்கும் இடத்துக்கு இன்னொன்றைக் கொண்டுபோக வேண்டாம்.

ஆழத்தில் இருக்கும் விழுங்கணுக்கள் ஒன்று முதல் மூன்று மைக்ரோமீட்டர் அளவுள்ள பொருள்களை விரும்பி விழுங்குகின்றன. மேலே சொன்ன அமிக்காசின் மருந்துக்கு அது நன்மை, ஏனென்றால் அந்தக் கிருமி விழுங்கணுவுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. நம் வைரஸ்களோ பெரும்பாலும் உட்சுவர்ச் செல்களில் பெருகுகின்றன. ஆகவே நம் துகள் சிறியதாக, தனித்தனியாக, பெக் பூசியதாக இருப்பது இன்னும் முக்கியம். தூவும்போது ஒட்டித் திரண்டால் அது விழுங்கணுவுக்கே விருந்தாகும்.

செல் சோதனையைக் காற்றும் திரவமும் சந்திக்கும் பரப்பில் வளர்த்த காலு-3 செல்களில் செய்யுங்கள். அவை சளியைச் சுரப்பவை, மூச்சுப்பாதைக்கு நெருக்கமானவை. எல்லோரிடமும் இருக்கும் ஏ549 செல்லில், கோவிட் வைரஸ் உள்ளே நுழையப் பற்றிக்கொள்ளும் ஏ.சி.ஈ.2 ஏற்பி மிகக் குறைவு என்பதால் கோவிட் வைரஸுக்கு அது அப்படியே பொருந்தாது. தனி மருந்து, வெற்று லிப்போசோம், மருந்தேற்றிய லிப்போசோம், வெறும் தாங்கல் கரைசல் என நான்கையும் ஒரே தட்டில் வையுங்கள். செல்களில் பாதியைக் கொல்லும் செறிவை, வைரஸைப் பாதியாக்கும் செறிவால் வகுத்து வரும் எண் தனி மருந்தைவிடக் கூடியிருந்தால்தான் நானோதுகளுக்கு நியாயம் உண்டு. உயிருள்ள வைரஸோடு செய்யும் பகுதியை அதற்கான பாதுகாப்பு நிலை கொண்ட, அனுமதி பெற்ற ஆய்வகத்திடம் ஒப்படையுங்கள். பருவகால இன்ஃபுளுயன்சாவுக்கு இரண்டாம் நிலை, கோவிட் வைரஸை வளர்ப்பதற்கு மூன்றாம் நிலை ஆய்வகம் வேண்டும்.

கோப்பும் குளிர்பதனப் பெட்டியும்

இந்தியாவில் இந்த ஆய்வைச் செய்பவர் உயிரித்தொழில்நுட்பத் துறை 2019 அக்டோபரில் வெளியிட்ட நானோமருந்து மதிப்பீட்டு வழிகாட்டுதலை முதல் மாதமே படித்துவிட வேண்டும். எந்தெந்த அளவீடுகள் கேட்கப்படும் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் படித்தால் எடுக்கத் தவறிய தரவுகளுக்காக எல்லாத் தொகுதிகளையும் மறுபடி செய்ய நேரும். மூச்சுக்குப் போகும் நீர்மருந்து கிருமியற்றதாக இருக்க வேண்டும் என்பதால், 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் உங்கள் லிப்போசோம் அளவு மாறாமல் கடக்கிறதா என்பதையும், பாக்டீரியாவின் நச்சுப்பொருளான எண்டோடாக்சினின் அளவையும், கரைசலின் ஊடுபரவல் செறிவு ஒரு கிலோகிராமுக்கு 290 மில்லிஆஸ்மோலுக்கு அருகில் இருக்கிறதா என்பதையும் பதிவு செய்யுங்கள். உப்புச் செறிவு மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழல் சுருங்கும்.

தொங்கலை இரண்டு முதல் எட்டு டிகிரியில், ஒளிபடாத குப்பியில் வையுங்கள். நீரில் ரெம்டெசிவிர் மெதுவாகச் சிதைவதால் நீண்ட காலம் வைக்க உறைஉலர்த்தல் தேவைப்படலாம். அப்போது லிப்பிட்டின் எடையைப் போல் பல மடங்கு டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையைச் சேர்த்து, நீர் ஊற்றிக் கலக்கிய பின் அளவு பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். ஒன்றாம் மாதமும் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் குப்பியைத் திறக்கும்போது, துகள் அளவை மட்டும் பார்த்து மூடிவிடாமல், மூன்று மில்லிலிட்டரை நெபுலைசரில் ஊற்றி, பனிக்கட்டியில் பதித்த அதே கண்ணாடிக் குழாயில் பிடித்து, முதல் நாள் எழுதிய எண்களுக்குக் கீழே அன்றைய எண்களை எழுதுங்கள்.